கிருஷ்ணகிரி மாங்கூழ், உரிகம் புளி, அரசம்பட்டித் தென்னை: ஊர்ப் பெயரைக் காக்க எந்த வழி?

காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத்து மா விவசாயிகளும் அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துப் புளிக்காரர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்த பிறகு, விலைக்கு அடுத்தபடியாகப் பேசுவது பெயரைப் பற்றித்தான். நம் ஊர்ப் பெயரை வெளிநாட்டில் வேறு யாரும் போட்டுக்கொள்ளாமல் தடுப்பது எப்படி? புவிசார் குறியீடு (அந்தப் பகுதியில் உருவாகும் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்னும் பதிவு) வாங்கினால் போதுமா? டிரேட்மார்க் எடுக்க வேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியத்தோடு இந்தியா 2022 ஜூனில் மறுபடி தொடங்கிய பேச்சில் புவிசார் குறியீட்டுக்கென்று தனி ஒப்பந்தமே பேசப்படுகிறதே, அதில் பெயர் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

வழிகள் ஐந்து. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்று என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சில வழிகள் மற்றொன்றின் மேல்தான் நிற்க முடியும். சில வழிகள் ஒன்றையொன்று அடைத்துவிடும். எதைப் பிடிப்பது என்பதைப் பெரும்பாலும் ஒரே விஷயம் தீர்மானிக்கிறது: உங்கள் சரக்கு மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகும்போது ஊர்ப் பெயரும் கூடவே போகிறதா, இல்லை வழியில் கழன்றுவிடுகிறதா?

## பெயர் எங்கே கழல்கிறது என்று முதலில் பாருங்கள்

மாங்கூழை எடுத்துக்கொள்வோம். ஜூன், ஜூலையில் பெங்களூரா காய் (கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்வது இதையே) தோட்டத்திலிருந்து ஆலைக்குப் போகிறது. ஏறக்குறைய 2 கிலோ பழத்துக்கு 1 கிலோ கூழ். கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்து, 215 கிலோ பிடிக்கும் இரும்பு டிரம்மில் வைக்கிறார்கள். டிரம்மின் மேல் 'தோத்தாபுரி மாங்கூழ்', பிரிக்ஸ் (இனிப்பு) அளவு, புளிப்பு அளவு, லாட் எண், 'இந்தியத் தயாரிப்பு' என்றிருக்கும். கிருஷ்ணகிரி என்று இருக்காது. அந்த டிரம் நெதர்லாந்துக்கோ சவூதிக்கோ போய், அங்கே ஒரு பானக் கம்பெனியின் கலவைத் தொட்டியில் கொட்டப்படுகிறது. கடை அலமாரியில் நிற்கும் பாட்டிலில் 'மாம்பழ பானம்' மட்டுமே மிஞ்சும்.

இந்த ஓட்டத்தில் உங்கள் பெயரை யாரும் திருடவில்லை. பெயர் ஆலை வாசலையே தாண்டவில்லை. ஐரோப்பாவின் 27 நாடுகளிலும் பெயரைப் பதிந்து வைத்தாலும், டிரம்மில் போகும் கூழுக்கு அதனால் கிலோவுக்கு ஒரு காசுகூட ஏறாது.

புளியின் கதை வேறு. உரிகம் என்பது அஞ்செட்டிப் பக்கத்து ஊர். நீளக் காய் காய்க்கும் அவ்வூர்ப் புளி அந்தப் பெயராலேயே தோட்டக்கலைப் பாடங்களிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஓடு தட்டி, கொட்டை எடுத்து மண்டிக்கு வந்ததும் அது வெறும் 'புதுப்புளி'. தும்கூர்ப் புளியோடு கலந்து ஏற்றுமதியாளரின் பெயரில் பாக்கெட்டாகிறது. போச்சம்பள்ளிப் பக்கத்து அரசம்பட்டியின் தென்னைக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: பெயர் கன்றோடு சேர்ந்து எங்கெங்கோ போய்விடுகிறது. திருவண்ணாமலையிலோ திண்டுக்கல்லிலோ நட்ட கன்றும் 'அரசம்பட்டி'தான்.

உங்கள் பொருள் இந்த மூன்றில் எந்த ஓட்டத்தைச் சேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

## எடை போட வேண்டிய அளவுகோல்கள்

- எந்தச் சந்தைக்குப் பாதுகாப்பு வேண்டும்? அந்த நாட்டில் எந்தச் சட்டம் ஓடுகிறது?
- பெயர் யாருக்குச் சொந்தமாகிறது? யார் வெளியே தள்ளப்படுகிறார்கள்?
- கட்டணம் போக, ஆய்வகம், தணிக்கை, வழக்கறிஞர், கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் எவ்வளவு?
- எத்தனை பருவம் காத்திருக்க வேண்டும்?
- பெயரை ஒருவன் தவறாகப் போட்டால் நிரூபிக்கும் சுமை யார் தலையில்?

கடைசி அளவுகோலைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள, பேச்சுவார்த்தை மேசையில் இருக்கும் இரண்டு கட்சிகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்பாடு 1995-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-ஆம் பிரிவு எல்லாப் பொருளுக்கும் பொது. அதன்படி, 'இந்தப் பெயரைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள்' என்று நீங்கள் காட்டியாக வேண்டும். 23-ஆம் பிரிவு ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும். அங்கே ஏமாற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை. 'வகை', 'பாணி' என்று ஒட்டுப் போட்டுக்கூட அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. ஷாம்பேனுக்கு இருக்கும் கவசம் மாம்பழத்துக்கும் புளிக்கும் வேண்டும் என்பது 2001 தோஹா சுற்றிலிருந்து இந்தியாவின் கோரிக்கை. உலக அளவில் உடன்பாடு எட்டப்படவில்லை. அதனால்தான் நாடுகள் இருதரப்பு ஒப்பந்தங்களில் பெயர்ப் பட்டியல் போட்டுக்கொள்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் பெயரைத் தனிச் சட்டத்தால் காக்கிறது. அமெரிக்கா டிரேட்மார்க் சட்டத்துக்குள் அடக்குகிறது. ஒரு பெயர் பொதுப்பெயராகிவிட்டது என்று தெரிந்தால் கைவிட்டுவிடும். கிரூயேர் பாலாடைக்கட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் உற்பத்தியாளர்கள் அதை அமெரிக்காவில் சான்று முத்திரையாக (விளக்கம் வழி 2-ல்) பதியக் கேட்டார்கள். அது பொதுப்பெயர் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. ஃபெட்டா பாலாடைக்கட்டியை 2002-ல் கிரேக்கத்துக்கு மட்டுமே என்று பதிந்த ஐரோப்பாவோ, ஏற்றுமதிச் சரக்கில் அந்தப் பெயர் போடுவதைத் தடுக்காததற்காக டென்மார்க்கை 2022-ல் தன் நீதிமன்றத்தில் குற்றவாளியாக்கியது. ஒரே மாதிரிப் பெயர், இரண்டு கரையில் இரண்டு விதி.

## வழி 1: சென்னையில் புவிசார் குறியீடு

1999-ஆம் ஆண்டுச் சட்டம், 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறை. பதிவகம் கிண்டியில். இந்தியா முழுமைக்கும் விண்ணப்பம் அங்கேதான் போகிறது என்பது நம் மாவட்டக்காரர்களுக்கு ஒரு வசதி.

இந்த வழியைத் தவிர்த்துவிட்டு வெளிநாட்டில் பெயரைக் காக்க நினைப்பது வீண் வேலை. டிரிப்ஸின் 24(9) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பிறந்த நாட்டில் பாதுகாப்பு இல்லாத பெயரைக் காக்க வேறு எந்த நாட்டுக்கும் கடமை இல்லை. ஒப்பந்தப் பட்டியலில் ஏறவும், ஐரோப்பியப் பதிவேட்டில் நுழையவும் இதுவே முதல் படி.

விண்ணப்பத்துக்குத் தேவை: உற்பத்தியாளர்களை நீங்கள் பிரதிநிதித்துவப்படுத்துகிறீர்கள் என்ற உறுதிமொழிப் பத்திரம், பொருளின் தனித்தன்மைக்கும் மண், தட்பவெப்பம், கைப்பக்குவத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும் அறிக்கை, எல்லை வரைபடத்தின் சான்றிட்ட மூன்று பிரதிகள், தரத்தை யார், எப்படிச் சோதிப்பார்கள் என்ற ஆய்வு ஏற்பாடு. பழம் 31-ஆம் வகுப்பு, கூழ் 29-ஆம் வகுப்பு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் கட்டணம். கட்டணம் சில ஆயிரங்களுக்குள்தான். நபார்டின் உதவித்தொகையும் கேட்டுப் பெறலாம். பணம் போவது வேறு இடங்களில்.

முதல் இடம், பழமைக்கான ஆதாரம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் தருமபுரி மாவட்டம். 1965 அக்டோபருக்கு முன் சேலம் மாவட்டம். 1792-ல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போன காலத்தில் பாராமகால். ஆகவே 'கிருஷ்ணகிரி' என்ற தலைப்பில் பழைய ஆவணம் தேடினால் அதிகம் கிடைக்காது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் மாவட்டக் கெசட்டியர், பாராமகால் பதிவுகள், தாலுகா வாரியான சாகுபடிக் கணக்கு ஆகியவற்றில் பழைய தாலுகாப் பெயர்களை வைத்துத் தேட வேண்டும். இதைச் செய்யாமல் பத்திரிகைச் செய்திகளை மட்டும் இணைத்தால், பதிவகத்தின் நிபுணர் குழுக் கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது, எல்லை. பெங்களூரா மா கிருஷ்ணகிரியோடு நிற்கவில்லை. சித்தூரிலும் கோலார்ப் பக்கத்திலும் அதே மரம், அதே மாதிரி மண். ஆலைகளும் விலை தோதாக இருந்தால் எல்லை தாண்டிப் பழம் வாங்குகின்றன. 'கிருஷ்ணகிரி மாங்கூழ்' என்று பதிந்தால் பழமும் இங்கே விளைந்திருக்க வேண்டுமா, கூழாக்குவது மட்டும் இங்கே நடந்தால் போதுமா? ஆலைப் பொருளுக்கு உற்பத்தி, பதப்படுத்தல், தயாரிப்பு மூன்றில் ஒன்று அந்தப் பகுதியில் நடந்தால் போதும் என்று சட்டம் இடம் தருகிறது. அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டால் ஆலைகள் மகிழும், மா விவசாயிக்கு எதுவும் மிஞ்சாது: சித்தூர்ப் பழத்திலும் 'கிருஷ்ணகிரி மாங்கூழ்' செய்யலாம் என்றாகிவிடும். பழமும் இங்கேயே என்று கட்டினால் ஆலை தனி லாட் ஓட்ட வேண்டும், தொட்டி கழுவ வேண்டும், வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும். உள்ளே வந்த பழம் 100 டன் என்றால் வெளியே போன கூழ் ஏறக்குறைய 50 டன்னைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கு இல்லாத ஆய்வு ஏற்பாடு காகிதத்தோடு நின்றுவிடும். உழவர் நிறுவனம் விண்ணப்பதாரராக இருந்தால் இரண்டாவதையே வற்புறுத்த வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாவது, ஏற்கெனவே பதிந்த பெயர்கள். நம் பக்கம் நல்ல அல்போன்சா விளைகிறது. ஆனால் 'அல்போன்சா' 2018-ல் ரத்னகிரி, சிந்துதுர்க் உள்ளிட்ட கொங்கண மாவட்டங்களுக்குப் பதிவாகிவிட்டது; 'பங்கனப்பள்ளி' 2017-ல் ஆந்திரத்துக்கு. உங்கள் விண்ணப்பத்தை ரகப் பெயரைச் சுற்றிக் கட்டாதீர்கள். இன்னொன்று: தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் ஒரு தர்மபுரி இருக்கிறது, வயநாட்டில் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது. ஒரே பெயர் கொண்ட இரண்டு ஊர்களுக்கும் பதிவு தரச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது, வாங்குபவர் குழம்பாதபடி வேறுபடுத்தினால். விண்ணப்பத்திலேயே மாநிலத்தையும் வட்டங்களையும் சொல்லிவிடுவது நல்லது.

விண்ணப்பம் பதிவகத்தின் இதழில் வெளியானபின் எதிர்ப்புத் தெரிவிக்க 3 மாதம். கேட்டால் இன்னும் 1 மாதம். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பதிவானதும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரும்பாலான பெயர்கள் செத்துப்போகின்றன. ஒவ்வொரு விவசாயியும் ஆலையும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியே பதிய வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020-ல் பெயரளவுக்குக் குறைத்துவிட்டார்கள். பயனாளரே இல்லாத குறியீட்டைப் பார்த்து வெளிநாட்டு அதிகாரி முதலில் கேட்பது 'இதை யார் விற்கிறார்கள்?' என்றுதான்.

பொய்யாகப் பெயர் போட்டவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை மீறலுக்கான சிவில் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கும். இதெல்லாம் இந்திய எல்லைக்குள் மட்டும்.

எப்போது சரி: பெயர் ஏற்கெனவே மண்டியில் வழங்குகிறது, வெளியூர்க்காரர் அதைப் போட்டு விற்கிறார், எல்லையைப் பற்றி உற்பத்தியாளர்களிடம் சண்டை இல்லை என்றால்.

## வழி 2: கூட்டு முத்திரை, சான்று முத்திரை

இரண்டும் டிரேட்மார்க் சட்டத்தில் வருபவை. ஆனால் குழப்பிக்கொள்ளக் கூடாது. கூட்டு முத்திரை ஒரு சங்கத்துக்குச் சொந்தம், உறுப்பினர்கள் பயன்படுத்துவார்கள். சான்று முத்திரைக்குச் சொந்தக்காரர் அந்தச் சரக்கை விற்கக் கூடாது. தரத்தைச் சோதித்து மற்றவர்களுக்கு அனுமதி தருவது மட்டுமே வேலை. உழவர் நிறுவனமே மாம்பழம் விற்கிறது என்றால் சான்று முத்திரை அதன் பெயரில் கிடைக்காது. தனிச் சங்கமோ அறக்கட்டளையோ வேண்டும். அதற்கென்று ஒரு கணக்கர், ஒரு தணிக்கை: ஆண்டுச் செலவு அங்கே தொடங்குகிறது.

இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 9,000 ரூபாய். கூடவே பயன்பாட்டு விதிமுறை. டிரேட்மார்க் இதழில் வந்தபின் எதிர்ப்புக்கு 4 மாதம். வெறும் ஊர்ப் பெயரை மட்டும் முத்திரையாகக் கேட்டால் ஆட்சேபம் வரும். படமும் சொல்லும் சேர்ந்த முத்திரையாகக் கேட்பது நடைமுறை.

இதன் பலவீனத்தை டார்ஜீலிங் தேயிலையே காட்டிக் கொடுத்தது. தேயிலை வாரியம் ஐரோப்பாவில் 'டார்ஜீலிங்' கூட்டு முத்திரை வைத்திருந்தது. ஒரு பிரெஞ்சு நிறுவனம் அதே பெயரைப் பெண்களின் உள்ளாடைக்குப் பதிந்தபோது வாரியம் எதிர்த்தது. கூட்டு முத்திரையின் அடிப்படை வேலை சங்க உறுப்பினரின் சரக்கை மற்றவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான், ஊர் மூலத்துக்கு உத்தரவாதம் தருவது அன்று என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. உலகமே அறிந்த பெயருக்கே இந்த நிலை என்றால், ஊர்ப் பெயரின் பாரத்தை முத்திரை ஒன்றின் மேல் ஏற்றுவது சரியில்லை.

எப்போது சரி: விற்பது அமெரிக்காவுக்கு என்றால். அங்கே ஊர்ப் பெயருக்கு நேரடியாகக் கிடைக்கும் கவசம் சான்று முத்திரைதான். டார்ஜீலிங்கும் அங்கே அப்படித்தான் நிற்கிறது.

## வழி 3: சொந்த பிராண்டு

புளி பாக்கெட் போடும் சிறு நிறுவனத்துக்கு இதுவே வேகமான வழி. உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவுள்ள சிறு நிறுவனமானால் இணையக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். வெளிநாட்டுக்கு, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் கேட்கும் மேட்ரிட் முறை இருக்கிறது. இந்தியா அதில் 2013 ஜூலையில் சேர்ந்தது. கறுப்பு வெள்ளை முத்திரைக்கு அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க், அதற்கு மேல் நாட்டுக்கு நாடு தனி. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, 2021 டிசம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் இதில் உண்டு. மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று: முதல் 5 ஆண்டுக்குள் இந்தியப் பதிவு விழுந்தால் வெளிநாட்டுப் பதிவுகளும் கூடவே விழும்.

பிராண்டுக்குள் ஊர்ப் பெயரைத் திணிக்காதீர்கள். நாளை அதே பெயர் புவிசார் குறியீடானால் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு குறுக்கே வரும். உங்கள் பிராண்டும் பக்கத்து விவசாயியின் உரிமையும் மோதும். 'உரிகம்' என்பதைத் தனி ஆள் ஒருவர் டிரேட்மார்க்காக முதலில் எடுத்துவிட்டால் ஊருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். நல்லெண்ணத்தோடு முன்பே பெற்ற டிரேட்மார்க்கைப் பின்னால் வரும் குறியீட்டுக்காகப் பிடுங்க முடியாதபடி டிரிப்ஸ் 24(5) காக்கிறது.

எத்தியோப்பியா இந்த வழியை வேறு விதமாகக் கையாண்டது. யிர்காசெஃபே, ஹரார், சிடாமோ காப்பிப் பெயர்களுக்குக் குறியீடு கேட்காமல், அரசே 2005-ல் அமெரிக்காவில் டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டது. சின்னச் சின்னத் தோட்டங்களில் லட்சக்கணக்கானோர் விளைவிக்கும் காப்பிக்கு வரைபடமும் தணிக்கையும் போட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அங்குள்ள காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. ஸ்டார்பக்ஸோடு 2007-ல் உடன்பாடு கண்டு, காசில்லா உரிமம் தந்து பெயரைப் பரப்பினார்கள். அதற்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. ஒரு வட்டாரத்து உழவர் நிறுவனம் தனியே நின்று செய்யக்கூடிய வேலை இல்லை அது.

## வழி 4: வெளிநாட்டில் நேரடிப் பதிவு

ஐரோப்பாவில் இப்போது 2024/1143 எண்ணுள்ள ஒழுங்குவிதி நடப்பில் இருக்கிறது. 2024 மே 13 முதல். இந்திய உற்பத்தியாளர் குழு நேரடியாகவோ அரசு வழியாகவோ விண்ணப்பிக்கலாம். இரண்டு படித்தரம் உண்டு. உற்பத்தியின் எல்லாக் கட்டமும் ஒரே பகுதியில் நடந்தால் ஒன்று. ஒரு கட்டமாவது நடந்தால் மற்றொன்று. கூழுக்கு எட்டக்கூடியது இரண்டாவது.

கால அளவை முன்பு விண்ணப்பித்தவர்களின் அனுபவத்தில் பாருங்கள். டார்ஜீலிங் 2007-ல் விண்ணப்பித்து 2011-ல் பதிவு பெற்றது. அதன் பிறகும் கலப்புத் தேயிலைக்காரருக்கு 5 ஆண்டு அவகாசம். காங்ரா தேயிலை 2023-ல் வந்தது. பாஸ்மதிக்கு 2018-ல் விண்ணப்பம் போய் 2020-ல் வெளியானது, பாகிஸ்தான் எதிர்த்தது. அதே பாஸ்மதிக்குச் சான்று முத்திரை தர ஆஸ்திரேலியா 2023-லும் நியூசிலாந்து 2024-லும் மறுத்தன. இந்தியாவில் மட்டும் விளைவதில்லை என்பது அதில் முக்கியமான காரணம். நாடுகளுக்கிடையே நடந்தது அது; ஆனால் கிருஷ்ணகிரிக்கும் சித்தூருக்கும் பாடம் ஒன்றே. எதிரே இருப்பவர் உங்கள் விண்ணப்பத்தில் தேடும் முதல் ஓட்டை, எல்லைக்கு வெளியே விளையும் அதே பொருள்தான்.

மறைந்திருக்கும் செலவுகள்: சந்தைக்கு வரும் முன் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்க அரசு அமைப்போ ஐஎஸ்ஓ 17065 (சான்று தரும் நிறுவனங்களுக்கான தரநிலை) அங்கீகாரம் பெற்ற நிறுவனமோ வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். அமெரிக்காவில் வெளிநாட்டு விண்ணப்பதாரர் 2019-லிருந்து அந்நாட்டு வழக்கறிஞரை வைத்தாக வேண்டும். பதிவின் 5-ஆம், 6-ஆம் ஆண்டுக்கு இடையில் பயன்பாட்டு உறுதிமொழி தராவிட்டால் பதிவு ரத்து. எங்கே யார் உங்கள் பெயரைப் பதிய முயல்கிறார் என்று பார்க்கக் கண்காணிப்புச் சேவைக்கும் பணம் கட்ட வேண்டும். தேயிலை வாரியம் அதை 1998-லிருந்தே செய்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெயர்ப் பதிவு, பூச்சிமருந்து எச்சத்தையோ பழ ஈயையோ கடக்க உதவாது. ஐரோப்பா 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தையே நிறுத்தியது பழ ஈயால். மறுபடி திறந்தது 2015-ல். குளோர்பைரிபாஸ் எச்சத்துக்கு அங்கே வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பெயருக்குச் செலவழிக்கும் முன் தோட்டத்து மருந்துக் கணக்கைச் சரிசெய்வது முந்தின வேலை.

கூழ் ஆலைகளுக்கு ஒரு நல்ல செய்தி: புதிய ஒழுங்குவிதியில், பதிவான பெயரை ஒரு பானத்தின் பெயரில் மூலப்பொருளாகக் காட்ட வேண்டுமென்றால் அதன் விழுக்காட்டைச் சொல்ல வேண்டும். அதே வகைப் பொருள் வேறெதையும் கலக்கக் கூடாது. பெயரைக் கேட்டு வாங்கும் பானக் கம்பெனி ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அந்த விதியால் உங்கள் கூழுக்குப் பேரம் பேசும் பலம் வரும். கிடைக்காதவரை அது தூங்கும் விதி.

## வழி 5: ஒப்பந்தப் பட்டியலுக்குக் காத்திருத்தல்

இரு தரப்பும் பட்டியல் மாற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு பெயரையும் மறுதரப்பு ஆராய்ந்து, எதிர்ப்புக்கு வெளியிட்டு, ஏற்கிறது அல்லது தள்ளுகிறது. ஐரோப்பாவும் சீனாவும் 2021 மார்ச் முதல் 100-க்கு 100 பெயர் காத்துக்கொள்கின்றன; அடுத்த கட்டத்தில் 175 வீதம் கூட்டத் திட்டம். வியட்நாமோடு நடந்த ஒப்பந்தத்தில் ஐரோப்பியப் பெயர் 169, வியட்நாம் பெயர் 39. கனடா ஒப்பந்தத்தில் ஃபெட்டா ஏறியது, ஆனால் ஏற்கெனவே அந்தப் பெயரில் விற்றவர்கள் தொடரலாம் என்ற விலக்கோடு.

பணமாக உங்களுக்குச் செலவு ஏதுமில்லை. கைவசமிருந்து போவது கட்டுப்பாடு. எந்தப் பெயர் முதல் பட்டியலில் போகும், எதை எதற்காக விட்டுக்கொடுப்பது என்பதை டெல்லி தீர்மானிக்கும். ஏற்றுமதி அளவும் பெயர் பெற்ற அடையாளமும் உள்ளவை முன்னே போகும். பட்டியலில் ஏற உள்நாட்டுப் பதிவு முன்நிபந்தனை என்பதால், கையில் பதிவு இல்லாதவருக்கு இது ஒரு வழியே ஆகாது. லிஸ்பன் உடன்பாட்டின் 2015 ஜெனீவாச் சட்டம் என்ற பன்னாட்டுப் பதிவேடு ஒன்று 2020-லிருந்து நடக்கிறது. இந்தியா அதில் உறுப்பினர் இல்லை, ஆகவே அந்தக் கதவும் நமக்கு மூடியிருக்கிறது.

## ஒரு பார்வையில்

| வழி | பெயர் யாருக்கு | எங்கே செல்லும் | காலம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| புவிசார் குறியீடு | பகுதி உற்பத்தியாளர் எல்லோருக்கும் | இந்தியா | ஆண்டுக் கணக்கில் | ஆவணத் தேடல், லாட் கணக்கு, ஆய்வு |
| கூட்டு, சான்று முத்திரை | சங்கத்துக்கு | பதிந்த நாடுகள் | எதிர்ப்பு இல்லையேல் விரைவு | தனி அமைப்பு, தணிக்கை |
| சொந்த பிராண்டு | ஒரு நிறுவனத்துக்கு | பதிந்த நாடுகள் | மிக விரைவு | விளம்பரம், 5 ஆண்டுச் சார்பு |
| நேரடி வெளிநாட்டுப் பதிவு | பகுதி உற்பத்தியாளருக்கு | ஐரோப்பா அல்லது அந்தந்த நாடு | 4 ஆண்டும் ஆகலாம் | சான்று நிறுவனம், வழக்கறிஞர், கண்காணிப்பு |
| ஒப்பந்தப் பட்டியல் | பகுதி உற்பத்தியாளருக்கு | ஒப்பந்த நாடுகள் | நம் கையில் இல்லை | பேரத்தில் பெயர் விடுபடுதல் |

## எந்தச் சரக்குக்கு எது

டிரம்மில் போகும் தோத்தாபுரிக் கூழ். இப்போதைக்கு வெளிநாட்டுப் பதிவில் பணம் போடாதீர்கள். உள்நாட்டுக் குறியீட்டுக்கு விண்ணப்பித்து, டிரம் லேபிளிலும் ஏற்றுமதி விலைப்பட்டியலிலும் பகுதிப் பெயரை எழுதத் தொடங்குங்கள். நாளை ஐரோப்பிய விண்ணப்பத்திலும் ஒப்பந்தப் பட்டியலிலும் கேட்கும் பயன்பாட்டுச் சான்று அந்த விலைப்பட்டியல்கள்தான். 3.1 கிலோ டப்பாவில் அடைத்து வளைகுடாக் கடைகளுக்கு நேரே விற்கும் ஆலைக்கு நிலைமை வேறு. அங்கே பெயர் வாடிக்கையாளர் கண்ணில் படுகிறது. குறியீட்டோடு மேட்ரிட் வழியில் தன் பிராண்டையும் பதிவது பொருந்தும்.

அல்போன்சாவும் செந்தூராவும் பழமாக. ரகப் பெயரை நம்பாமல் ஊர்ப் பெயரை முன்னிறுத்தும் கூட்டு முத்திரை, முதலில் பெங்களூரு, சென்னைச் சந்தைக்கு. பழமாக ஏற்றுமதி செய்வதற்கு வெந்நீர் சிகிச்சை வசதிதான் முந்தின தடை.

உரிகம் புளி. இந்த மூன்றில் குறியீட்டுக்கு மிகத் தகுதியானது இதுவே. ஊர்ப் பெயர், உள்ளூர் மரம், சிறிய எல்லை. ஆனால் ஒட்டுக் கன்று மற்ற மாவட்டங்களுக்குப் பரவப் பரவ அது ரகப் பெயராகிவிடும். ஊர்ப் பெயர் பொதுப்பெயரானால் டிரிப்ஸ் 24(6) அதைக் காக்காது. காலம் கடத்தக் கூடாத பொருள். மலைக்கிராமங்களில் மரத்தை முன்பணத்துக்குக் குத்தகை விடும் பழக்கம் இருப்பதால், பயனாளர் பதிவு மரத்துக்காரர் பெயரிலா குத்தகைக்காரர் பெயரிலா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். மரத்துக்காரர் பெயரில் இருப்பதே நியாயம்.

அரசம்பட்டித் தென்னை. காப்பது தேங்காயையா கன்றையா என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். தேங்காய்க்கு எல்லை வரையலாம். கன்றுக்குச் சான்று முத்திரை பொருந்தும்: தாய்மர எண், நாற்றங்கால் பெயர், விற்ற தேதி எழுதிய அட்டை ஒவ்வொரு கன்றிலும். வெளிநாட்டுப் பதிவு இதற்குத் தேவையில்லை.

சித்தேரி மலைச் சாமை போன்ற சிறுதானியம். அளவு சிறிது, தணிக்கைச் செலவைத் தாங்காது. நல்ல பிராண்டும் இயற்கை விவசாயச் சான்றும் போதும். ஆனால் ஊர்ப் பெயரை யாரும் தனி டிரேட்மார்க்காக எடுக்கிறார்களா என்று டிரேட்மார்க் இதழை மாதம் ஒருமுறை பார்க்க ஒரு ஆளை அமர்த்துங்கள். எதிர்க்க 4 மாதம் அவகாசம். அது போனால் பதிவை நீக்கக் கோரும் வழக்கு, அது நீளும்.

மா அறுவடை ஓய்ந்த ஆகஸ்ட், செப்டம்பரில் ஆவணத் தேடலும் வரைபட வேலையும் தொடங்கலாம். பிரிக்ஸ், புளிப்பு அளவு எடுப்பதை மட்டும் அதற்குத் தள்ளிவிடாதீர்கள். ஜூனிலும் ஜூலையிலும், ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரே முதிர்ச்சியில் பறித்த காயைப் பழுக்க வைத்து, ஒரே ஆய்வகத்தில் அளந்து, சித்தூர்ப் பழத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். ஒரு பருவத்து அளவை நிபுணர் குழு ஏற்பது கடினம். மழை கூடிய ஆண்டும் குறைந்த ஆண்டும் இரண்டும் அந்த ஏட்டில் இருக்க வேண்டும்.